பார்ப்பவர் 2

அவள் வந்தது ஏப்ரல் பதினேழு.
ஏரி அப்போதும் வெள்ளையாகத்தான் கிடந்தது.
கூட்டில் முழங்காலளவு பனி.
அவள் முழங்காலைச் சொல்கிறேன்.
ஆப்பிரிக்காவிலிருந்து பறந்துவந்தவள்
ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தாள்,
ஈரத்தரையில் செருப்பைத் தொலைத்தவள் மாதிரி.

கயானியில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எனக்கு இரவுப் பணி.
நான்காம் எந்திரம் சுற்றி முடிக்க நாற்பத்திரண்டு நிமிடம்.
துணி மடிக்கும் மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்து
அதுவரைக்கும் அவளைப் பார்ப்பேன்.
திரையின் மூலையில் பொடி எழுத்தில்
பார்ப்பவர் 2 என்றிருக்கும்.
ஒன்று நான்.

விராலடிப்பான். ஆண்பால் பெயர்.
அவளுக்கும் அதுவேதான்.
இந்த ஏரியில் விராலும் கிடையாது.

வழக்கமாக ஆண்தான் முந்தி வருமாம்.
ஏப்ரல் இருபத்தாறு.
முப்பது.
மே நான்கு.
பாலைவனக் காற்றாக இருக்கலாம், மீன்பண்ணை வலையாக இருக்கலாம்,
துப்பாக்கியாக இருக்கலாம் என்றார்
வளையம் மாட்டப் போகும் உர்ஹோ சீப்போலா.
முப்பது வருடமாக மரமேறுகிறவர்.
'இருக்கலாம்'களை அடுக்கிவிட்டு
காபிக்குச் சர்க்கரை தேடினார்.

எந்தச் சிறகு மேலே கடந்தாலும் கூப்பிடுவாள்.
கடற்காகத்தைக் கூப்பிட்டாள்.
ஒருமுறை விமானத்தைக்கூட.
கொதிகலன் அறையிலிருந்து தைஸ்தோ தலைநீட்டி
"எந்த எந்திரம் கிறீச்சிடுது? எண்ணெய் விடவா?" என்றார்.
ஒலியைக் குறைத்தேன்.

மே எட்டாம் தேதி எவனோ ஒருவன் வந்தான்.
வளையமில்லாத கால். கையோடு ஒரு மீன்.
அவள் கெஞ்சக் கெஞ்ச
விளிம்பில் உட்கார்ந்து தலையிலிருந்து வால்வரை
தானே தின்றான்.
ஒன்றரை நாள் இருந்தான்.
அப்புறம் முட்டை. ஒன்றே ஒன்று,
யாரோ காபி சிந்தித் துடைக்க மறந்ததுபோல் பழுப்புத் திட்டுகளோடு.

அதன் பக்கத்தில் நடக்கும்போது
நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டியால் நடப்பாள்.
இதை நான் பல இரவு பார்த்தேன்.
மீன் கிழிக்கிற கால் அது.

பசித்தால் அவளேதான் போகவேண்டும்.
போனால் முட்டைக்கு நான் காவல்.
எண்பது கிலோமீட்டர் தள்ளி,
கையில் ஈரத் தலையணையுறையோடு, என்ன காவல்!
சாம்பல் காகம் இறங்கியபோது
"ஏய்!" என்று கத்திவிட்டேன்.
காகம் நேற்றைய மீன்தோலை எடுத்துக்கொண்டு போனது.
முட்டையைப் பார்க்கவேயில்லை.
தைஸ்தோ மறுபடி தலைநீட்டினார்,
இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன். இருட்டே இல்லை.
முப்பத்தெட்டாம் நாள் பொரியவேண்டும்.
நாற்பத்தொன்று. நாற்பத்தேழு.
நான் எண்ணினேன்.
அந்த இன்னொருவரும் எண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.
குழந்தை தூங்காத தாயாக இருக்கும்,
அல்லது கப்பலில் ஒரு சமையற்காரர்.
விடிகாலை மூன்று மணிக்கும் போகாமல் இருப்பாரே,
அப்படி ஒருவர்.

ஒரு காலை வீட்டுக்கு வந்து
சமையலறை மேசையைத் துடைக்கையில்
பழைய கணினியின் விசையில் கை பட்டது.
இருண்ட திரை விழித்தது.
கூடு. அவள். மூலையில் 2.

ஏப்ரலில் திறந்தது. மூடவேயில்லை நான்.

கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்தேன்.
சிரிப்பு வந்தது, கொஞ்சம்தான்.
மூட விரல் போனது.
பிறகு தட்டு கழுவப் போய்விட்டேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் முட்டையிலிருந்து எழுந்தாள்.
பாசியை வாரி வாரி அதன்மேல் போட்டாள்.
புதைத்தாளா, படுக்கையைச் சரிசெய்தாளா,
அது உர்ஹோவுக்கும் தெரியாது.
மறுநாள் எங்கிருந்தோ
நீல ரப்பர் கையுறை ஒன்றைத் தூக்கிவந்து
கூட்டின் நடுவில் வைத்து,
இழுத்து, திருப்பி, மறுபடி வைத்து,
அரைமணி நேரம் அதையே பார்த்தாள்.

ஜூலை கடைசியில் கிளம்பிவிட்டாள்.
அந்த நொடியை நான் பார்க்கவில்லை.
எந்திரத்திலிருந்து போர்வைகளை உருவிக்கொண்டிருந்தேன்.

இப்போது கூடு மட்டும்.
பார்ப்பவர் 2.
காற்றடிக்கையில் கையுறை உப்பி
ஐந்து விரலும் எழுந்து நிற்கிறது,
பிறகு படுத்துக்கொள்கிறது.